புலத்துக்கு நேரா

உதயாவின் மேசையை யாராவது தொட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தத் திங்கட்கிழமை காலை பற்றவைக்கிற சாலிடர் சுருள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போயிருந்தது. அளக்க வேண்டிய மாதிரியைப் பொருத்துகிற புதுத் தாங்கியின் திருகுகள் அவள் வழக்கமாக முடுக்குவதைவிட இறுக்கமாக இருந்தன. ஹீலியம் தொட்டியின் அளவைக் காட்டும் முள், வெள்ளிக்கிழமை மாலை அவள் பார்த்துவிட்டுப் போன இடத்தில் இல்லை. சனிக்கிழமை யாரோ காந்தத்தை ஓட்டியிருக்கிறார்கள். ஆறு வருஷமாக அந்தக் காந்தத்துக்குள் மாதிரியை இறக்குகிறவள் அவள்தான். அவளைக் கூப்பிடாமலே ஓட்டியிருக்கிறார்கள்.

அவள் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். அதை நம்புவதா வேண்டாமா என்று அப்புறம் அது ஒரு கவலை. கெட்டிலைக் கழுவி வைத்துவிட்டு, தானாக என்ன வருகிறது என்று காத்திருந்தாள்.

தில்லியின் தெற்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் உதயா ஒப்பந்தத் தொழில்நுட்ப உதவியாளர். பதினோரு மாதம் ஆனால் ஒப்பந்தம் முடிந்துவிடும். ஆய்வுக்கூடத்தின் தலைவர் டாக்டர் பத்மநாபன் கையெழுத்துப் போட்டால் மறுபடி தொடங்கும். அந்தக் கையெழுத்து வேண்டியிருந்த மாதம் அது. அவள் பிறந்தது ஜங்புராவில், பாராபுல்லா என்ற கழிவுநீர்க் கால்வாயை ஒட்டித் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில். அப்பாவும் அம்மாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தாள். பிறகு இந்தியில் பாடம் நடத்திய பாலிடெக்னிக்கில் டிப்ளமா. கேம்ப்பை இடித்தபோது தில்லியின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் ஒரு ஃப்ளாட் கிடைத்தது. வேலைக்கு வர இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாற வேண்டும். இந்தச் சம்பளம் நின்றால் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வேறு வேலை தேடுவது எப்படி என்பதை நினைக்கவே அவள் பயப்படுவாள்.

கும்பகோணத்துக்காரரான பத்மநாபனையும் வாசல் காவலர்கள் 'மதராசி' என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவருடைய பையை யாரும் திறந்து பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது ஒரே வேலைதான், மீக்கடத்தி டேப். பரிசுப் பொட்டலத்தில் கட்டுகிற ஜரிகை ரிப்பன் மாதிரி இருக்கும். அடியில் உலோகப் பட்டை, அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய கறுப்புப் பூச்சு, அதற்கும் மேலே வெள்ளி. நன்றாகக் குளிரவைத்தால் அந்தக் கறுப்புப் பூச்சு துளித் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும். வலுவான காந்தப்புலத்தில் வைத்தால்தான் வம்பு. புலம் டேப்புக்குள் மெல்லிய நூல்களாகப் புகுந்துவிடும். மின்சாரம் ஏற ஏற அந்த நூல்கள் வழுக்கிக்கொண்டு நகரும். நகர்ந்தால் சூடு, சூடேறினால் எல்லாம் போச்சு. அவற்றை நகரவிடாமல் பிடிக்க, பூச்சுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத குறைகளை வேண்டுமென்றே விதைக்கிறார்கள். வேலிமுள்ளில் சேலைத் தலைப்பு மாட்டுகிற மாதிரி நூல்கள் அவற்றில் மாட்டிக்கொள்ளும். எந்தக் குறையை எவ்வளவு போடுவது என்பதில்தான் உலகம் முழுக்கப் போட்டி.

இந்தத் தடவை குறையை விதைத்தவள் ஷ்ரேயா. முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் புரியும், பேசினால் பாதிக்குமேல் இந்தி. சிர்கோனியம் கலந்து அவள் வளர்த்த டேப்பின் முதல் துண்டு மூன்று வாரத்துக்கு முன்பு உதயாவின் கைக்கு வந்தது. அதே வாரம்தான் புதுத் தாங்கியும் வந்தது. பழையதில் டேப்பை ஒரே ஒரு விதமாகத்தான் வைக்க முடியும், யோசிக்க ஒன்றுமில்லை. புதியது சுழலக்கூடியது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

பத்மநாபன் காதில் ஃபோனோடு கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

"சார், இது சுத்துதே. டேப்ப எப்பிடி வைக்கட்டும்?"

"புலத்துக்கு நேரா வச்சுடுங்கோ."

"நேராவா சார்?"

"நேராத்தான். அதுல என்ன சந்தேகம்?" என்றவர் ஃபோனுக்குத் திரும்பிவிட்டார்.

அவள் நேராக வைத்தாள். பதிவில் கோணம் 'பூஜ்யம்' என்று எழுதினாள். மின்சாரத்தை ஏற்ற ஏற்ற டேப் தாங்கிக்கொண்டே போனது. பழைய டேப்புகள் கைவிட்ட இடத்தைத் தாண்டியது, அதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது, மூன்று மடங்கையும் கொஞ்சம் தாண்டியபோது சட்டென்று எரிந்துபோனது. வெளியே எடுத்தபோது நடுவில் கருகி இரண்டாகியிருந்தது. எரிந்ததைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. பத்மநாபன் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். நிதி கொடுக்கும் குழுவிடம் அந்த எண்ணைத் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணி வாக்கில் ஷ்ரேயா வந்து மேசை ஓரத்தில் நின்றாள்.

"அக்கா, சாட்டர்டே நாங்க ரிபீட் பண்ணோம். த்யாகி சார் சொன்னாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"உங்களுக்கு அன்னிக்கு லீவு இல்லியா, அதான்." ஷ்ரேயாவின் கண் தாங்கியின்மேலேயே இருந்தது.

"எவ்ளோ வந்துச்சு?"

"ஒன் தேர்டுதான் அக்கா. அதே டேப்போட அடுத்த பீஸ். உங்களுக்கு மட்டும் ட்ரிபிள். ஐஸா கைஸே?"

எப்படி என்று அவள் உதயாவைக் கேட்டாளா, த்யாகி கேட்கச் சொல்லிக் கேட்டாளா என்பது தெரியவில்லை. உதயா சாலிடர் சுருளை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

த்யாகி அதே நிறுவனத்தில் வேறொரு பிரிவின் விஞ்ஞானி. பெரிய முடிவு எதுவும் வெளியே போவதற்கு முன் அதைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. அவர் கவனித்த விஷயம் இதுதான்: உதயாவின் அளவீட்டில் வந்த எண், அலமாரியில் ஒப்பிடுவதற்காகப் பூட்டிவைத்திருக்கும் வெளிநாட்டு டேப்பின் எண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. அந்த அலமாரியின் சாவி உதயாவிடம்தான். அளந்த துண்டோ எரிந்துபோய்விட்டது. எரிந்தது எந்த டேப் என்று இனி யார் சொல்வது?

மத்தியானம் அவரே வந்தார். அலமாரிச் சாவியைக் கேட்ட குரல் தேனாக இருந்தது.

"உதயா ஜி, அல்மாரி கீ சாபி தே தீஜியே. பஸ், ருட்டீன் ஹை."

கேம்ப்பை இடிப்பதற்கு முன் கதவுக்குக் கதவு எண் போட வந்தவர்களும் ருட்டீன் என்றுதான் சொன்னார்கள். உதயா சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அன்று மாலை வாசலில் காவலர் அவள் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே டிஃபன் டப்பா, துப்பட்டா, மெட்ரோ கார்டு. டப்பாவின் மூடியையும் திறக்கச் சொன்னார்.

நரேலாவில் அவள் கணவன் சதாசிவம், மின்ரிக்ஷா ஓட்டுகிறவன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"வெள்ளி டேப்பா? எனக்கு ஒரு மோதரமாவது பண்ணிக் குடுத்திருக்கலாம் இல்ல?"

"சும்மா இரு. அதுல இருக்கிற வெள்ளில மூக்குத்தி திருகாணிகூட வராது."

"அப்பறம் என்னாத்துக்குடி உம்மேல சந்தேகம்?"

"விக்கறதுக்கு எடுத்தன்னு இல்ல. நம்பரு நல்லா வரட்டும்னு வெளிநாட்டு டேப்ப மாத்தி வச்சிட்டன்னு."

"நம்பரு நல்லா வந்தா உனக்கு என்னா கெடைக்கும்?"

"ஒரு ஜிலேபி கெடச்சிச்சு."

"பேரு யாருக்கு?"

"சாருக்குத்தான்."

சதாசிவம் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப யார் மாத்தியிருப்பாங்கன்னு நீயே யோசிச்சிக்க. மாட்டுனா யாரக் காட்டி விடுவாங்கன்னும் யோசிச்சிக்க."

அதைத்தான் அவள் பஸ்ஸிலேயே யோசித்திருந்தாள். அளந்த அன்று துண்டைப் பொருத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். அந்த நேரத்தில் அறையில் யார் இருந்தார்கள்? 'அதுல என்ன சந்தேகம்' என்று பத்மநாபன் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னார்? வேறு மொழிக்காரர்கள் நடுவில் பிழைக்கிறவர்களுக்கு நம் மொழி பேசுகிற ஒருவர் கிடைத்தால் பாதித் தைரியம் வந்துவிடும். சந்தேகம் வந்துவிட்டாலோ முதலில் உறுத்துவதும் அவர்தான். மற்றவர்கள் பேசுவதில் பாதியை நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை, விட்டுவிடுவோம். இவர் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் புரிந்து தொலைக்கிறது.

மறுநாள் பம்ப்பின் இரைச்சலுக்குப் பக்கத்தில் பத்மநாபன் அவளைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி வைத்திருந்தார்.

"உதயா, ஏதாவது நடந்திருந்தா எங்கிட்ட சொல்லிடுங்கோ. நான் பாத்துக்கறேன்."

"என்னா சார் நடந்திருக்கும்?"

"தெரியாம பீஸ் மாறியிருக்கலாம். தெரியாமதான், நான் வேற எதுவும் சொல்லலே."

"நீங்க மாத்துனீங்களா சார்?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்னையா கேக்கறேள்?"

"எங்கிட்ட கேட்டீங்களே, அதான் நானும் கேட்டன்."

அந்த நேரம் பார்த்து த்யாகி அந்த வழியாக வந்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகைத்தார். "தமிழ் மே க்யா கிச்சடி பக் ரஹீ ஹை?" தமிழில் என்ன கிச்சடி வேகிறது, என்ன ரகசியம் என்கிறார்.

பத்மநாபன் பதிலுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. உதயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனி அவர்கள் தமிழில் மழை வருமா என்று பேசினாலும் அது கூட்டுச் சதிதான்.

புதன்கிழமை த்யாகியின் அறையில் விசாரணை. விசாரணை என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை, 'டிஸ்கஷன்' என்றார்கள். பத்மநாபன், ஷ்ரேயா, உதயா மூவருக்கும் நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தவுடனேயே த்யாகி ஒரு நிபந்தனை போட்டார். இந்தியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். தமிழ் கூடாது.

உதயா இந்தியில் தொடங்கினாள். அவளுடைய இந்தி ஜங்புரா இந்தி, தங்குதடையில்லாமல் வரும். எந்த உறையிலிருந்து துண்டை எடுத்தாள், எப்படி சாலிடர் வைத்தாள், தாங்கியை எப்படி மாட்டினாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பத்மநாபனிடம் கேட்ட இடம் வந்ததும் நின்றாள். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் நாளைக்கு அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். அதனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தமிழில் வந்துவிட்டது.

"'புலத்துக்கு நேரா வச்சுடுங்கோ'ன்னு சொன்னார்."

த்யாகி அர்த்தம் கேட்டு ஷ்ரேயாவைப் பார்த்தார். "நேரா மத்லப்?"

"சீதா, சார்," என்றாள் ஷ்ரேயா. "ஸ்ட்ரெய்ட்."

"சீதா நஹீ," என்று பத்மநாபன் சட்டென்று குறுக்கிட்டார். "சாம்னே. புலத்தைப் பாத்துண்டு, எதிர்த்தாப்பல."

ஷ்ரேயாதான் முதலில் நிமிர்ந்தாள். நேராகப் போவது சீதா. எதிரே உட்காருவது சாம்னே. 'நேரா போ' என்றாலும் நேராதான், 'எனக்கு நேரா உக்காரு' என்றாலும் நேராதான். இந்தியில் இரண்டு சொல் வேண்டியிருக்கிற இடத்தில் தமிழ் ஒன்றை வைத்துக்கொண்டு சமாளித்துவிடுகிறது.

உதயா மேசைமேல் கிடந்த காகிதத்தில் ஒரு பட்டையைக் கிழித்தாள். அதை விளிம்பின்மேல் செங்குத்தாக நிறுத்திப் பிடித்தாள். "நான் இப்பிடி வச்சன். புலம் மேலேருந்து கீழ வருது. அதுக்கு நேரா."

பத்மநாபன் அந்தப் பட்டையை வாங்கி மேசைமேல் படுக்கவைத்தார். உள்ளங்கை மாதிரி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. "நான் சொன்னது இது. பழைய தாங்கில இருந்த மாதிரி." ஷ்ரேயா இரண்டையும் த்யாகிக்கு இந்தியில் எடுத்துச் சொன்னாள்.

மழையில் ஒரு தாளைப் படுக்கவைத்துப் பிடித்தால் முழுத் தாளும் அடி வாங்கும். விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்தால் மழை இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். டேப்புக்கும் ஏறக்குறைய அப்படித்தான். படுத்திருக்கும்போது புலம் முகத்தில் அடிக்கும். கடினமான சோதனை அதுதான். நிறுத்தி வைத்தால் எந்த டேப்பும் பல மடங்கு தாங்கும். நிற்க வைத்து எடுத்த எண்ணைப் படுக்கவைத்து எடுத்த பழைய எண்களோடு ஒப்பிட்டு ஜிலேபி சாப்பிட்டிருக்கிறார்கள். பதிவில் இருந்த பூஜ்யமும் உதவவில்லை. எங்கிருந்து பூஜ்யம்? அவளுக்கு நிற்பது பூஜ்யம், அவருக்குப் படுப்பது பூஜ்யம். சனிக்கிழமை ஷ்ரேயா அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தில் டேப்பைப் படுக்கவைத்திருக்கிறாள்.

த்யாகி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கதை நன்றாக இருக்கிறது என்றார் இந்தியில். நேற்று பம்ப்புக்குப் பக்கத்தில் இதைத்தான் தயார் பண்ணிக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார்.

பத்மநாபனின் காது சிவந்தது. உதயா ஏறக்குறைய இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"ஆப் குத் லகாயியே," என்றாள். நீங்களே பொருத்திப் பாருங்கள். தான் கிட்டகூட வரமாட்டேன் என்றும் சொன்னாள்.

அப்படியே நடந்தது. மூன்றாவது துண்டை த்யாகியே வெட்டினார், த்யாகியே பொருத்தினார். அவர் சாலிடர் வைத்த லட்சணத்தைப் பார்த்து உதயாவின் கை துறுதுறுத்தது. ஆனால் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே, இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். திரையில் எண் தெரிய ஆரம்பித்தபோது ஒரு புதுப் பயம் வந்தது. ஒருவேளை இந்தத் துண்டு சரியாக வளராமல் போயிருந்தால்? சாலிடர் விட்டுவிட்டால்? உண்மையைச் சொன்னாலும் எண் ஒத்துழைக்க வேண்டுமே.

டேப்பை நிறுத்திவைத்து மின்சாரத்தை ஏற்றினார்கள். பழைய எல்லை தாண்டியது. இரண்டு மடங்கு தாண்டியது. அவளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததும், இதுவும் எரிந்துவிடக் கூடாது என்று த்யாகி நிறுத்திவிட்டார். தாங்கியைத் திருப்பிப் படுக்கவைத்து மறுபடி ஏற்றினார்கள். மூன்றில் ஒரு பங்கு. சனிக்கிழமை வந்ததேதான்.

"பழைய டேப்ப விட ஜாஸ்தியா இருக்கா?" என்று ஷ்ரேயா இந்தியில் மெல்லக் கேட்டாள். அவள் விதைத்த குறைகளைப் பற்றி அதுவரை யாரும் பேசவேயில்லை.

"தோடா," என்றார் த்யாகி. கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை அவள் தாளில் குறித்துக்கொண்டாள்.

த்யாகி கையுறைகளைக் கழற்றினார். "அச்சா. சோரி நஹீ ஹை, கல்தி ஹை. கிஸ்கீ?"

திருட்டு இல்லை, தவறுதான் என்றாகிவிட்டது. அந்தத் தவறு யாருடையது என்பது மட்டும் பாக்கி. குழுவிடம் போய்ச் சொன்ன எண்ணை இனி திரும்பப் பெற வேண்டும். அங்கே யாராவது ஒருவரைச் சுட்டிக்காட்டியாக வேண்டும்.

பத்மநாபன் உதயாவின் பக்கம் திரும்பினார். மனதாரத்தான் சொன்னார். "நான்தான் தெளிவாச் சொல்லியிருக்கணும். நீங்க ரெண்டாந்தரமும் கேட்டேள். நான் ஃபோன்ல இருந்தேன், கவனிக்கலே."

பிறகு த்யாகியைப் பார்த்து இந்தியில் சொன்னார். "கம்யூனிகேஷன் கீ பாத் ஹை. டெக்னீஷியன் நே கலத் சமஜ் லியா."

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் 'நான்' காணாமல் போயிருந்தது. இந்தியில், டெக்னீஷியன் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்பது மட்டும்தான் மிச்சம்.

"சார்," என்றாள் உதயா. "இப்ப எங்கிட்ட தமிழ்ல ஒண்ணு சொன்னீங்களே. அத அவர்கிட்ட இந்தியில சொல்லுங்க."

"அதெல்லாம் அப்பறமாப் பேசிக்கலாம், உதயா."

"அப்பறம் இல்ல சார். கையெழுத்து இந்த மாசம்."

"கையெழுத்து நான் போடப்போறேன். அதுல என்ன..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஷ்ரேயா வாயைத் திறந்தாள். "அக்கா, நான் சொல்லட்டா?"

"நீ வேணாம்மா. நீ சொன்னா நீ சொன்னதா ஆயிடும். சாரே சொல்லட்டும்."

த்யாகிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் இந்தத் தடவை தமிழ் கூடாது என்று அவர் சொல்லவில்லை. மூன்று முகங்களையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார். "த்யாகி ஜி, உஸ்னே தோ பார் பூச்சா தா. மைனே ஹீ டீக் ஸே நஹீ பதாயா. கல்தி மேரீ ஹை."

உதயா ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தாள். அவள் இரண்டு தடவை கேட்டது வந்துவிட்டது. 'நான்தான்' வந்துவிட்டது. தவறு என்னுடையது என்பதும் வந்துவிட்டது. ஃபோனில் இருந்தது மட்டும் வரவில்லை. அதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்மநாபன் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தை அவளிடம் நீட்டினார். "திருப்திதானே?" என்று கேட்டார். அவள் அங்கேயே நின்று, பெயர், தேதி, பதவி என்று மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். அவர் காத்திருந்தார். அவள் இரண்டாவது முறையும் படித்தாள்.